தேயாத டயர்

நசுங்கிக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தைத் தணிகாசலம் பார்க்கவேயில்லை. பின் டயருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஓரத்தில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள்கூட இன்னும் உதிரவில்லை. "மழையில வழுக்குதுப்பா, நல்ல கிரிப் உள்ளதா மாத்திடட்டுமா?" என்று மகள் மிருதுளா கேட்டபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் ஒரு பதில் சொன்னார். அடுத்த மழையில் கார் சறுக்கி அவள் இறந்து, காரியமும் முடிந்துவிட்டது. அந்தப் பதிலை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

உடைந்த வண்டிகளை வாங்குகிற காதர் பாய் டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"வண்டிதான் போச்சு சார். டயர் நாலும் அப்படியே இருக்கு."

"மாத்தியிருக்கணுமோ?"

"இதையா? கம்பெனி டயர் சார். தேயறதுக்கு முன்னாடி இதைப் போய் யாராவது மாத்துவாங்களா?"

அன்று மகளிடம் அவர் சொன்னதும் இதேதான், ஒரு சொல் பிசகவில்லை. தணிகாசலம் டயரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க பாய்" என்றார்.