இரண்டு ஆவுடையம்மாள்கள்

அவளும் எழுந்து நின்றாள்.

ஜன்னல் பக்கம் ஒருத்தி ஏற்கெனவே எழுந்து பெயர் சொல்லியிருந்தாள். அதே பெயரைத்தான் இவளும் சொல்ல வேண்டும்.

"ஆவுடையம்மாள், டீச்சர்."

புது டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஈரோட்டுக்காரர். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இதுதான் முதல் வகுப்பு.

"நீயும் ஆவுடையம்மாளா?" இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "ஜாடையும் ஒண்ணாத்தான் இருக்குது. அக்கா தங்கச்சிங்களா?"

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வகுப்பு முழுவதற்கும் தெரியும். யாரும் வாயால் சொன்னதில்லை.

ரயில்வே கேட்டுக்கு மேற்கே ஊர். கிழக்கே காலனி. தண்ணீர்த் தொட்டி வேறு, சுடுகாடு வேறு. பள்ளிக்கூடம் மட்டும் ஒன்று. அதற்குள்ளும் ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் உட்காருவார்கள். காலனிப் பிள்ளைகள் சுவர்ப் பக்கம். அப்படி உட்காரச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை.

அவள் சுவர்ப் பக்கம்.

சுவர்ப் பக்கத்திலும் ஓரம். சண்டை வந்தால் காலனிப் பிள்ளைகள் சொல்வார்கள்: "ஒங்க அம்ம தெருவுக்குப் போயேன்."

அம்மா மேற்கே பிறந்தவள். காலனியைச் சேர்ந்த லைன்மேன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கேட்டைத் தாண்டி வந்தவள். அன்றைக்கே பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். மறுவருஷம் பெண் பிறந்தது. அம்மா தன் தாயின் பெயரை வைத்தாள்.

சில மாதம் கழித்து அம்மாவின் அண்ணனுக்கும் ஒரு பெண். அந்த வீட்டிலும் அதே பெயர்தான்.

அந்த மாமா மகள்தான் இப்போது ஜன்னல் பக்கம் நிற்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வகுப்பு. ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"இல்ல டீச்சர்," என்றாள் மாமா மகள்.

பளிச்சென்று சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்காரவில்லை. தன்னையும் கேட்பார் என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமலே நின்றாள்.

டீச்சர் கேட்கவில்லை. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. எதையோ மிதித்துவிட்டது புரிந்த முகம்.

"உக்காரும்மா."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

மத்தியானம் குழாயடியில் டிபன்பாக்ஸைக் கழுவினாள். பின்னால் நின்ற ஊர்ப் பெண்களில் ஒருத்தி காதுபடச் சொன்னாள்: "பேர வச்சுட்டா வீட்டுக்குள்ள வந்துர முடியுமா?"

கழுவிய டப்பாவையே திரும்பவும் கழுவினாள். அவர்கள் போகும் வரை கழுவினாள்.

சாயங்காலம் எப்போதும்போல் கடைசியாகக் கிளம்பினாள். ஊர்ப் பெண்கள் கூட்டமாக முன்னால் போனார்கள். அவர்கள் நடைக்கேற்ப அவள் நடையைக் குறைத்தாள். அந்த இடைவெளி அவளுக்குப் பழக்கம்.

தேரடியில் கூட்டம் தெற்கே திரும்பியது.

மாமா மகள் மட்டும் திரும்பவில்லை. குனிந்து செருப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அவள் நின்றாள். பிறகு நடந்தாள். அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

பக்கத்தில் வந்தபோது, குனிந்த தலை நிமிராமலே பேசியது.

"அக்கா தங்கச்சி இல்லல்லா. அதாம் இல்லன்னேன்."

அவள் நடை நின்றது.

"நீ எனக்கு அத்த மகல்லா. மைனி."

கூட்டத்தில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, அங்க என்ன?"

மாமா மகள் நிமிரவில்லை. வாரையே பிடித்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

அவள் நடந்துவிட்டாள்.

பதில் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள். மாமா மகளுக்கு நாளைக்கு ஜன்னல் பக்கம் இடம் இருக்காது. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். கேட் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். கேட்டைத் தாண்டியபோது வேறொன்றும் தோன்றியது. ஒரு வார்த்தைதான். குனிந்தபடியே தானும் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எம்மா."

"ம்."

"மாமா மகள மொற வச்சு எப்படிம்மா கூப்பிடணும்?"

தண்ணீருக்குள் அம்மாவின் கை நின்றது. அந்த வீட்டைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அண்ணன் என்ற சொல்லைக்கூட அம்மா வாயால் அவள் கேட்டதில்லை.

அம்மா தலை நிமிர்ந்தாள்.

"அவ கூப்பிட்டாளா?"

அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அம்மா எழுந்தாள். கையைத் துடைக்கக்கூட இல்லை. சொட்டச் சொட்ட வந்து அவள் தோளைப் பிடித்தாள். கண்ணில் இதுவரை அவள் பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"சொல்லுட்டி. மைனின்னாளா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ என்ன சொன்ன?"