வெள்ளத்தாயி பிடித்த ஏணி

வெள்ளத்தாயியின் பிறந்த ஊருக்கு மாட்டுவண்டியில் போனால் ஒரு பகல் முழுக்கத் தீர்ந்துவிடும். அவ்வளவு தூரம் போகிறவளை மறுநாளே வா என்று யார் சொல்வார்கள்? போனால் பத்து நாளாவது அம்மாவின் பக்கத்தில் படுத்துப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வருவாள். புதுச் சாலை போட்டு பஸ் விடப்போகிறார்கள் என்றதும் ஊரிலேயே அதிகம் பூரித்தவள் அவள்தான். இனி நினைத்தபோதெல்லாம் போகலாம்.

பஸ் வந்த வாரமே துணிமூட்டையோடு கிளம்பி நின்றாள். மாமியார் மூட்டையைப் பார்த்தாள்.

“இது எதுக்குத்தா? சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரலாமே.”

புருஷனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

வெறுங்கையோடு போனாள். அம்மா சோறு போட்டு, பாயை விரித்து, “அப்புறம் சொல்லு” என்று பக்கத்தில் உட்காரும்போதே தெருமுனையில் ஹாரன் அடித்தது.

அவள் ஏறி, அம்மாவின் ஊர் எல்லை தாண்டுவதற்குள் பஸ் நின்றுபோனது. “எல்லாரும் இறங்கித் தள்ளுங்க. கிளம்பலேன்னா இன்னிக்கு ராத்திரி இங்கதான்” என்றார் கண்டக்டர். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வெள்ளத்தாயி எல்லோருக்கும் முந்தி ஓடிப்போய், பஸ்ஸின் பின்பக்கத்து ஏணியை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கமாக இழுத்தாள்.

அருகில் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். அவளும் இந்த ஊரில் பிறந்து வேறெங்கோ வாழப்போனவள்தான். தன் கையையும் ஏணிக்கு மாற்றிக்கொண்டாள்.