தவரத்தினம் திறந்த குழாய்

அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய ஆர்ஜொந்தெய் வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் மார்செல், வயது எழுபத்திரண்டு. அவர் மனைவி ஆலீஸ். மகன் கபிரியேல். லாச்சப்பல் மளிகைக் கடையில் வேலை செய்யும் தவரத்தினம். அவர் மனைவி பூரணி. வேலிக்கு மேலே தலை மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டு ஜெர்மேன் அம்மாளையும் சேர்த்தால் ஐந்தேகால்.

மார்செல் புதுச்சேரிக்காரர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்ற பிரெஞ்சுக்காரர் புல்தரைக்கு அடியில் குழாய் பதித்து, பன்னிரண்டு தண்ணீர்த் தெளிப்பான்களையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். குளிர்காலம் முழுக்க நின்றிருந்த அதை மறுபடி ஓட்ட வேண்டும். கடையில் எந்தக் குழாய் ஒழுகினாலும் சரிசெய்கிறவர் என்று தவரத்தினத்தை மார்செல்தான் அழைத்திருந்தார்.

"மாடில்லை, ஆடில்லை. உந்தப் புல்லுக்கு ஏன் இவ்வளவு தண்ணி?" பூரணி கணவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வளர்த்து வெட்டுறதுக்கு."

"வெட்டி?"

"எறியிறதுக்கு."

பூரணி குனிந்து புல்லை ஒருமுறை பார்த்தாள்.

கபிரியேல் கையில் ஒரு குறிப்புத்தாள் வைத்திருந்தான்.

"பப்பா, குளிருக்கு முன்னாடி குழாய்த் தண்ணிய வடிச்சீங்கல்ல? வடிக்காம விட்டா உள்ளயே ஐஸ் கட்டி வெடிச்சிடும்னு போட்டிருக்கு."

"அக்டோபர்லயே வடிச்சேன். இந்தக் கையால."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நவம்பர்ல கேஸ் அடுப்ப அணைக்காம பூசைக்குப் போனீங்க. பிப்ரவரில சேன் லசார் போறதுக்குப் பதிலா எதிர்ப்பக்க ரயில் ஏறி மான்த் வரைக்கும் போனீங்க. அது ரெண்டு. மூணாவது மறதி வந்தா இந்த வீட்ட வித்துட்டு எங்க பக்கத்துல ஸ்தேன்ல ஒரு அபார்த்மான். பேசி முடிச்சதுதானே?"

"எட்டாவது மாடில நான் என்னடா செய்வேன்?"

"வடிச்சீங்களா, இல்லையா?"

"வடிச்சேன்னு சொல்றேன்ல." இந்த முறை மார்செலின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வேலியோரக் குழியின் மூடியைத் தவரத்தினம் தூக்கினார். உள்ளே இரண்டு ரொபினே, திருகித் திறக்கும் குழாய்கள். மேலே இருந்தது தண்ணீரைத் திறக்க. கீழே இருந்தது வடிக்க. அவர் முழங்காலில் நின்று தோள்வரை கையை விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார்.

"என்னண்ணே, உள்ள ஏதாவது இருக்கா?" என்றான் கபிரியேல்.

"சிலந்தி. கனக்கச் சிலந்தி."

"கீழ் ரொபினேய மூடிட்டு மேல் ரொபினேய மெல்லத் திறங்க. அஞ்சு நிமிஷம் எடுத்துக்கணுமாம்."

"உந்தக் கடதாசி எனக்குத் தேவையில்லைத் தம்பி. ஊரிலை நான் எத்தினை பம்பு பூட்டினனான்."

சொல்லிவிட்டு, ரொபினேயை ஒரே திருகில் முழுதாகத் திறந்தார்.

மண்ணுக்கடியில் ஒரு முட்டுச் சத்தம். பிறகு தெளிப்பான் இல்லாத இடங்களிலெல்லாம் தண்ணீர் கிளம்பியது. மூன்று இடம். ஒன்று ஆலீஸின் கோயில் செருப்பை நனைத்தது. ஒன்று கபிரியேலின் குறிப்புத்தாளை. மூன்றாவது கிளம்பிய வேகத்தில் ஜெர்மேன் அம்மாளின் தலை வேலிக்குக் கீழே மறைந்தது.

"மெல்லன்னு சொன்னேன்ல," என்றான் கபிரியேல்.

"என்ர பிழைதான். அவசரப்பட்டிட்டன். தண்ணி தள்ளின தள்ளிலை பைப் வெடிச்சிட்டுது."

"இதுல பம்பு பூட்டின பெருமை வேற. பப்பா ஒழுங்கா வடிச்சு வச்சிருந்தாரு. நீங்க ஒரு நிமிஷத்துல நாசமாக்கிட்டீங்க."

"வாற ஞாயிறு வந்து நானே மாத்தித் தாறன்."

"நீங்க வரவே வேணாம்."

"வரட்டும்டா," என்றார் மார்செல். அவர் யாரையும் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் பூரணி தட்டைப் பாதியில் தள்ளி வைத்தாள். இருவரும் ரயில் ஏறித் திரும்பினார்கள். லாச்சப்பல் மெட்ரோப் படிக்கட்டில் அவள் கேட்டாள்.

"அந்தப் பொடியன் அப்பிடிப் பேச, நீங்கள் ரெண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறியள்."

"ரசம் நல்லாயிருந்தது."

"கடையிலை ஒரு ரொபினேயைத் தொட முந்தி அரை மணித்தியாலம் யோசிக்கிற ஆள் நீங்கள். இண்டைக்கு என்ன வந்தது?"

"அந்தப் பைப் நான் திறந்து வெடிக்கேல்லை, பூரணி. ஜனவரிக் குளிருக்கே வெடிச்சிட்டுது."

பூரணி படியில் நின்றாள்.

"கீழ் ரொபினே குளிர் முடியுமட்டும் திறந்து கிடக்க வேணும். நான் கை விடேக்கை இறுக மூடிக் கிடந்தது. பக்கத்துப் பைப்பிலை விரல் நீளத்துக்கு வெடிப்பு."

"அப்ப ஐயா பொய் சொன்னவரோ?"

"இல்லை. வடிச்சனெண்டு அவர் உண்மையா நம்புறார்."

"உதை மறைக்கிறது சரியோ?"

"திரும்பக் கேஸ் அடுப்பெண்டால் நானே பொடியனிட்டைச் சொல்லியிருப்பன். இது புல்லுத்தானே."

"உங்கடை பேர் போச்சே."

"போகட்டும். மூண்டு மறதியிலை ஐயாவுக்கு இன்னும் ஒண்டு மிச்சம் கிடக்கு."