வெறும் வீட்டுத் தூசி

“இந்த கேம் பெட்டிக்காரங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா வீட்டை எந்த லட்சணத்துல வச்சிருப்பாங்கன்னு இந்த ஃபேனைப் பார்த்தாலே தெரியுது!” என்று பரணிதரன் சொன்னதும், இளையபெருமாளின் ரிப்பேர் கடை வாசலில் நின்ற கூட்டம் முகத்தைச் சுளித்தது.

பரணிதரன், அரியலூரை ஒட்டிய ஒரு சிமெண்ட் ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆலைத் தூசியால் மிக்ஸி போச்சு, டி.வி. போச்சு என்று தெருக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டார்கள். ஊர் வாயை அடைத்துவிட்டால் அவருக்குப் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல். இல்லாவிட்டால் இதே ஊர், இதே வெயில், இதே சண்டை.

அதனால்தான் உள்ளூர் நிருபர் ராசாங்கத்தையும் இழுத்துக்கொண்டு நேரே ரிப்பேர் கடைக்கே வந்திருந்தார். “ரிப்பேருக்கு வந்ததுல நீங்களே ஒண்ண எடுத்துக் குடுங்க. எல்லார் முன்னாலயும் நானே சுத்தம் பண்றேன். எந்தத் தூசின்னு பார்த்துடலாம்” என்று அவர் சவால் விட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

இளையபெருமாள் கைக்கு எட்டிய ஒரு கறுப்பு வீடியோ கேம் பெட்டியை எடுத்து நீட்டினார். விளையாடிக்கொண்டிருக்கும்போதே சூடாகி அணைந்துபோகிறதாம். காலையில் ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

பரணிதரன் எலெக்ட்ரிகல் படித்தவர். வேலை தெரிந்த ஆள்தான், அதை மறுக்கக் கூடாது. “சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்கைப் புடுங்கணும். கொஞ்சம் ஆறவிட்டு அப்புறம்தான் தொடணும்” என்று பாடம் நடத்திக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார்.

மூடி திறந்தது. உள்ளே இருந்த சின்ன ஃபேன் சாம்பல் நிறத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இளையபெருமாள் பழக்க தோஷத்தில் வாயைக் குவித்துக்கொண்டு குனிந்தார்.

“ஐயையோ, ஊதாதீங்க! எச்சில் தெறிச்சா போர்டு காலி” என்று தடுத்தார் பரணிதரன். “றெக்கையை விரலால புடிச்சுக்கணும். சுத்தவிட்டுக் காத்தடிச்சா ஃபேனே போயிடும். மெத்துனு ஒரு பிரஷ்ஷால இப்படி வெளிப்பக்கமா தள்ளணும்.”

விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு பிடி திருநீறு அளவுக்குத் தூசி கொட்டியது. வரிசையில் முன்னால் நின்ற ஜெயலட்சுமி எட்டிப் பார்த்தாள். கலெக்டர் ஆபீஸுக்கு முதல் ஆளாகப் போனவள் அவள்தான்.

“இது ஃபேக்டரி தூசி இல்லாம வேற என்னா சார்? எங்க வூட்டு அடுப்படியிலயும் இதே கலருதான்.”

“ஏம்மா, கூட்டிப் பெருக்கினா தூசி எப்படிம்மா சேரும்? பொழுது சாஞ்சா சீரியல் முன்னால உக்காந்துடறது. பழி மட்டும் ஃபேக்டரி மேல. இது வெறும் வீட்டுத் தூசி!”

“பேசுவீங்க சார், நல்லா பேசுவீங்க. உங்க வூட்ல வந்து பார்த்தால்ல தெரியும்!”

“தாராளமா வாங்க! ஃபேக்டரி மதிலுக்குப் பின்னாலதான் எங்க குவார்ட்டர்ஸ்” என்று பரணிதரன் குரலை உயர்த்தினார். “எங்க வீட்லயும்தான் இந்த மாதிரி பெட்டி ஒண்ணு கெடக்கு, மச்சினன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது. என் வீட்டுக்காரி மூணு வேளையும் தொடைக்கிறவ. அதுல ஒரு பொட்டுத் தூசி காட்டுங்க, வேலைய விட்டுட்டுப் போயிடறேன்!”

கூட்டம் தலையைச் சொறிந்தது. மதிலை ஒட்டிய வீட்டிலேயே தூசி இல்லை என்றால் தெருவுக்கு எப்படி வரும்? ஜெயலட்சுமியே ஓரடி பின்வாங்கினாள். ராசாங்கம் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

பரணிதரன் மூடியைப் பொருத்தி, பிளக்கைச் சொருகினார். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. மனசுக்குள் அவர் சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்து, பால் காய்ச்சியே முடித்துவிட்டார்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. குடையோடு இறங்கிய அம்மாள், “இளையபெருமாள் கடை இதானேங்க? காலையில ஒரு கேம் பெட்டி குடுத்துவிட்டேன்...” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, நம்ம வீட்டுப் பெட்டிய வச்சுக்கிட்டு நீங்க இங்க என்ன பண்றீங்க?”

பரணிதரனின் மனைவி நர்மதா!

ஜெயலட்சுமிக்கு வாயெல்லாம் பல். “வாங்கம்மா, வாங்க! இந்தப் பெட்டிக்காரங்க வூட்டையே கூட்டறதில்லன்னு சார் இவ்ளோ நேரம் எங்களுக்கு எடுத்துச் சொல்லிட்டிருந்தாரு.”

நர்மதா செய்தித்தாளில் குவிந்திருந்த தூசியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். குடையை மடக்கினாள். மூன்று வேளையும் குனிந்து துடைக்கிற இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“சொல்லுங்க. இது எங்கேர்ந்து வந்த தூசி?” சத்தமே போடாமல்தான் கேட்டாள்.

பரணிதரன் கலெக்டருக்குப் பயந்ததில்லை. ஆலை முதலாளியின் கோபத்தைக்கூடச் சமாளித்திருக்கிறார். ஆனால் நர்மதா சத்தம் போடாமல் கேட்கிற கேள்விக்கு மட்டும் பயப்படுவார். சென்னை போனால் போகட்டும், இன்றைக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே! ராசாங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“அதை அடிச்சிட்டு எழுதுங்க சார்... ஃபேக்டரி தூசிதான்!”