சூசையின் பச்சை விளக்கு

மீன் கழுவிய தண்ணீரைத் தன் வாசலில் ஊற்றிவிட்டான் என்று எதிர்வீட்டுச் சூசையிடம் சண்டைக்குப் போனாள் பல்கீஸ். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சண்டைக்கு மட்டும் வயதாகவில்லை.

"தப்பு என்னுதுதாம்மா, மன்னிச்சிக்கோ," என்றான் சூசை.

இத்தனை வருசச் சண்டையில் அவன் மன்னிப்புக் கேட்டதே இல்லை.

அவன் வீட்டுச் சுவரில் முதியோர் காப்புப் பெட்டி பச்சையாய் மின்னியது. பெரிசுகள் வாயில் சாவு என்ற சொல் வந்தால் சிவப்பாகி ஆளனுப்பும் பெட்டி அது. எமனைக் கூப்பிடாமல் எந்தக் கிழவன் காப்பி குடிப்பான்? ஒவ்வொரு தடவையும் ஆலோசகர்கள் வந்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்ததில், சூசை வாயை அடக்கக் கற்றுக்கொண்டான். போன மாதம் மனைவி இறந்தபோதும் தேனாய்ப் பேசினான். பேட்டையின் மகிழ்ச்சியான முதியவர் என்று கோப்பைகூடக் கொடுத்தார்கள்.

பல்கீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "யோவ், சாவலாம்னு இருக்கியா?"

பெட்டி சிவந்து அலறியது. "பல்கீஸ் அம்மா, கவலை வேண்டாம். உங்களுக்காக ஆள் வருகிறது."

"எனக்கா? போடா டப்பா! யோவ், உன்னத்தான் கேக்குறேன்."

சூசை தரையைப் பார்த்தான். "ஆமா," என்றான்.

அதற்குள் ஆலோசகர்கள் இருவர் ஓடிவந்து பல்கீஸைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எனக்கில்லப்பா, இந்தாளப் பாருங்க!"

ஒருவன் பெட்டியில் சூசையின் பதிவைத் தட்டிப் பார்த்தான். "சார் நல்லாதாம்மா இருக்காரு. அவரு பேருல எல்லாமே பச்சை."

"நான் நல்லாயில்லடா, பேமானி!" என்று கத்தினான் சூசை.

பல்கீஸ் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சுப்பயிற்சிலாம் அப்பறம்," என்றாள் வந்தவர்களிடம். "மொதல்ல உக்காந்து அவன் திட்டுறதக் கேளுங்க."