மெல்லச் சொன்ன சேதி

கெட்ட சேதியை மெல்லச் சொல்வதுதான் டாக்டர் சமீனாவின் வழக்கம். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

“யாமினிக்கு ரெண்டு பக்கமும் காது நரம்பே உருவாகலைங்க. காதுக்குள்ள கருவி வெச்சாலும் பலன் இருக்காது. ஆபரேஷன் வேண்டாம்.”

கும்மிடிப்பூண்டியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஆதிகேசவனின் முகம் மலர்ந்தது.

“ரொம்ப சந்தோசம் டாக்டரம்மா. ஆபரேசன் என்னிக்கின்னு சொன்னா மில்லுல லீவு கேட்டுக்குவேன்.”

பாவம், பெற்ற மனசு ஏற்க மறுக்கிறது என்று நினைத்தாள் சமீனா. இன்னும் தணிந்த குரலில், இன்னும் கனிவாக மறுபடி சொன்னாள்.

“அப்ப சீக்கிரமே பேச்சும் வந்துரும்ல?” என்றான் அவன்.

சமீனா நிமிர்ந்தாள். அவன் வெட்கத்தோடு நாற்காலியை நகர்த்தி, காதை அவள் பக்கம் சாய்த்தான்.

“கோச்சுக்காதம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லு. இரும்பு மில்லு சத்தத்துலயே நின்னு நின்னு என் காது அவுட்டு. நீ தன்மையா பேசறத பாத்து நல்ல சேதின்னு நெனச்சிக்கினேன். எம் பொண்ணுக்காவது கேக்கட்டும்மா.”

சமீனா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அவன் காதருகே குனிந்து, அதே சேதியைக் கத்திச் சொன்னாள்.

கதவுக்கு வெளியே காத்திருந்த தாய்மார்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவன் மடியிலிருந்த யாமினி மட்டும், அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.