மூன்று ஜோடி சிலிப்பர்

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு பழைய வரிசை வீட்டின் குளியலறை. புது வாட்டர் ஹீட்டர் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பழையதைக் கழற்றிய இடத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டே ஒயர்களை வயர்மேன் குணசீலன் டார்ச் அடித்துப் பார்க்கிறார். "எர்த்து ஒயரு இல்லண்ணே. புதுசா இழுக்கணும். அறுநூறு வெள்ளி ஆகும்." வீட்டுக்காரர் தனபாலனின் குரல் எகிறுகிறது. "ஹீட்டரே நானூறுதான்லா! பழசு இப்படியே பத்து வருஷம் ஓடல? சும்மா மாட்டுங்க." குழாய் சொட்டுகிறது. டார்ச் வெளிச்சம் மெல்லத் தரைக்கு இறங்கி, ஈரமாகக் கிடக்கும் மூன்று ஜோடி ரப்பர் சிலிப்பர்களில் நிற்கிறது. கடைசி ஜோடி உள்ளங்கையளவுதான். "குளிக்கிற எடத்துல எதுக்கு சிலிப்பரு?" தனபாலன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவோரம் நிற்கும் அவர் மனைவிதான் பதில் சொல்கிறாள். "வெறுங்காலோட பைப்பைத் தொட்டா கரண்டு அடிக்குதுண்ணே. பாப்பாவுக்கும் போடப் பழக்கிட்டோம்."